மின்விசிறி ஓடும் கட்டடத்துக்கும் மதிப்பெண் வேண்டும்: பசுமைத் தரமதிப்பீட்டுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
இந்தியாவில் பசுமைக் கட்டடத் தரச்சான்று வழங்கும் அமைப்புகளின் தொழில்நுட்பக் குழுக்கள்;
வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை, தமிழ்நாடு அரசு.

மதிப்புக்குரியவர்களுக்கு வணக்கம்.

தமிழ்நாட்டில் கட்டடம் வரைபவர்கள், ஏசி வடிவமைப்பவர்கள், குழாயும் கழிவுநீரும் பார்ப்பவர்கள் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். 2003-இல் ஹைதராபாத்தில் ஒரு கட்டடம், லீட் என்ற அமெரிக்கப் பசுமைத் தரச்சான்றின் உச்ச நிலையான பிளாட்டினத்தைப் பெற்றது. 2007-இல் நம் நாட்டின் சொந்தத் தரமதிப்பீடான கிரிஹா வந்தது. 2018-இல் குடியிருப்புகளுக்கான ஆற்றல் விதித்தொகுப்பான ஈகோ நிவாஸ் சம்ஹிதா வந்தது. சாம்பல் செங்கல், சுத்திகரித்த நீரில் ஃபிளஷ், கண்ணாடியின் வெப்ப மதிப்பு ஆகியவை இன்று சாதாரண ஒப்பந்ததாரரும் பேசும் சொற்களாகி இருக்கின்றன என்றால் அதற்கு இந்த அமைப்புகளுக்கும் பங்கு உண்டு. அந்த நன்றியோடுதான் கேட்கிறோம்: அடுத்த திருத்தத்தில் புள்ளிகளைக் கூட்டிக் குறைப்பதோடு நிறுத்தாதீர்கள். எதனோடு ஒப்பிட்டு மதிப்பெண் தருகிறோம் என்ற அடித்தளத்தையே மாற்றுங்கள்.

லீட் வழியில் ஆற்றல் புள்ளி எப்படிக் கிடைக்கிறது என்று பாருங்கள். ஆஷ்ரே என்ற அமெரிக்க ஏசிப் பொறியாளர் சங்கத்தின் 90.1 தரத்தின்படி, அதே அளவில் ஒரு கற்பனைக் கட்டடத்தைக் கணினியில் எழுப்ப வேண்டும். நம் கட்டடத்தின் ஆற்றல் செலவு அதைவிட எத்தனை விழுக்காடு குறைவோ, அதற்கேற்பப் புள்ளி. நம் கட்டடத்தில் ஏசியே இல்லையென்றால்? ஒப்பீட்டுக் கட்டடத்தில் உள்ள அதே குளிர்சாதனத்தை நம் கட்டடத்திலும் கணக்கில் பொருத்தச் சொல்கிறது அந்தத் தரத்தின் ஜி பின்னிணைப்பு. இருபுறமும் ஒரே ஏசி என்றால், ஏசி வைக்காமல் மிச்சப்படுத்திய மின்சாரம் தாளில் காணாமல் போகிறது. நிழல், உயரமான கூரை, குறுக்குக் காற்று, மின்விசிறி ஆகியவற்றால் ஆண்டில் பல மாதங்களை ஓட்டிவிடும் ஒரு பள்ளிக்கூடம், நல்ல சில்லர் என்ற பெரிய குளிர்விப்பு இயந்திரம் போட்ட கண்ணாடிக் கட்டடத்தைவிடக் குறைந்த புள்ளி வாங்குவது இதனால்தான்.

மாற்று அளவுகோலைத் தேடி அலைய வேண்டியதில்லை. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் இந்தியக் கட்டடங்களில் ஆய்வு செய்து உருவாக்கிய ஐமேக் என்ற வசதிநிலை மாதிரியை 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பே ஏற்றுக்கொண்டிருக்கிறது. இயற்கைக் காற்றோட்டக் கட்டடத்துக்கு அதன் சூத்திரம் எளிது: கடந்த 30 நாட்களின் வெளிவெப்பச் சராசரியை 0.54-ஆல் பெருக்கி 12.83-ஐக் கூட்டினால், மக்களுக்கு இதமான உள்வெப்பம் கிடைக்கும். வெளிச்சராசரி 32 பாகை என்றால் விடை 30.1. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஏற்கும் எல்லை அதிலிருந்து 2.38 பாகை மேலும் கீழும். அதாவது 32.5 பாகை வரை. இந்த எல்லைக்குள் ஆண்டில் எத்தனை மணி நேரம் ஏசி இல்லாமல் நிற்கிறது என்பதையே ஒரு கட்டடத்தின் முதன்மை ஆற்றல் மதிப்பெண்ணாக வையுங்கள். மிஞ்சிய மணிகளுக்கு மட்டும் ஏசியின் திறனைக் கணக்கிடுங்கள்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அந்தச் சூத்திரத்தில் ஈரப்பதத்துக்கும் காற்றின் வேகத்துக்கும் தனி இடம் இல்லை. 32 பாகையில் காற்றே அசையாத அறை நாகப்பட்டினத்தில் தாங்க முடியாதது. எனவே ஐமேக்கோடு மின்விசிறியும் சேர்ந்தே வர வேண்டும், அதுவும் முன்நிபந்தனையாக. எங்கள் கணக்கில், மூன்றுக்கு மூன்று மீட்டர் பரப்புக்கு 1,200 மி.மீ. விசிறி ஒன்று வேண்டும். இறக்கை தரையிலிருந்து 2.4 மீட்டருக்குக் குறையாமலும், மேல்தளத்திலிருந்து 30 செ.மீ. தள்ளியும் இருக்க வேண்டும். அப்படியானால் அறை உயரம் குறைந்தது 2.7 மீட்டர் தேவை. ஃபால்ஸ் சீலிங் 2.6 மீட்டரில் வந்து உட்கார்ந்துவிட்டால் விசிறிக்கு இடமில்லை, பிறகு ஆண்டு முழுக்க ஏசிதான். விளக்கை இறக்கைக்கு மேலே வைத்தால் நிழல் வெட்டி வெட்டி ஆடும், குடியிருப்பவர் விசிறியை நிறுத்திவிடுவார். இந்தச் சின்ன விஷயங்களை வரைபடத்திலேயே பார்க்கச் சொல்லும் விதி வேண்டும். பழைய விசிறி 75 வாட் இழுக்கும், மின்சிக்கனமான பிஎல்டிசி மோட்டார் விசிறி 28 முதல் 35 வாட் வரைதான். ஏசி அறையிலும் விசிறியைச் சுழலவிட்டு வெப்பநிலையை 24-க்குப் பதில் 27 பாகையில் வைக்கலாம். ஒரு பாகைக்கு ஏறத்தாழ 6 விழுக்காடு மிச்சம் என்று ஆற்றல் திறன் அமைவகமே சொல்கிறது.

ஈரப்பதத்தைக் கணக்கில் எடுக்காத புள்ளிகள் தீங்கே செய்கின்றன. லீட் 2009-இல், வெளிக்காற்றை ஆஷ்ரேயின் காற்றோட்டத் தரமான 62.1 கேட்பதைவிட 30 விழுக்காடு கூட்டினால் ஒரு புள்ளி கிடைத்தது. குளிர்ந்த, வறண்ட ஊரில் அது நல்ல காற்று. சென்னையில் ஜூன் மாதப் பிற்பகலில் ஒரு கிலோ காற்றில் சுமார் 20 கிராம் நீராவி இருக்கும். 24 பாகை அலுவலகத்தில் இருக்க வேண்டியது ஏறத்தாழ 10 கிராம். நூறு பேர் வேலை செய்யும் இடத்தில், ஆளுக்கு விநாடிக்கு 8.5 லிட்டர் என்றால் மொத்தம் 850 லிட்டர். அதில் 30 விழுக்காடு கூட்டினால் 255 லிட்டர். அந்தக் கூடுதல் காற்றின் ஈரத்தைப் பிழியவும் வெப்பத்தைத் தணிக்கவும் 11 கிலோவாட் குளிர்விப்பு வேண்டும், அதாவது 3 டன்னுக்கு மேல். அதில் மூன்றில் இரண்டு பங்கு ஈரத்துக்கு மட்டுமே போகிறது. இத்தகைய புள்ளியை இங்கே அப்படியே வைத்திருப்பது தவறு. கரியமில வாயு உணரியைக் கொண்டு, ஆள் இருக்கும்போது மட்டும் தேவையான காற்றைத் தருவதற்கும், வெளியேறும் குளிர்க்காற்றிலிருந்து வெப்பத்தையும் ஈரத்தையும் மீட்கும் சக்கரத்துக்கும் அந்தப் புள்ளியைக் கொடுங்கள்.

குடிபுகுமுன் கட்டடத்தைக் காற்றால் அலசும் லீட் நான்காம் பதிப்பின் புள்ளி இதைவிடக் கடுமையானது. ஒரு சதுர மீட்டர் தரைக்கு 4,267 கன மீட்டர் வெளிக்காற்றைச் செலுத்த வேண்டும். அப்போது உள்ளே ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, வெப்பம் 27 பாகையைத் தாண்டக் கூடாது. நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். வெளிக்காற்றில் கிலோவுக்கு 20 கிராம் நீராவி இருக்கும் நாளில், 10,000 சதுர அடித் தளம் ஒன்றை இப்படி அலசினால் ஏறத்தாழ 32,000 லிட்டர் நீரைக் காற்றிலிருந்து பிரித்தெடுத்தாக வேண்டும். அதற்கு மட்டும் 5,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம். மாற்று வழியான காற்றுப் பரிசோதனை அதே விதியில் இருக்கிறது. வெப்ப ஈர மண்டலத்தில் அதை மட்டுமே அனுமதியுங்கள். வார்னிஷ், பசை, ஒட்டுப்பலகை ஆகியவற்றின் வாசனை போக, குடிபுகுமுன் மூன்று வாரம் சன்னல்களைத் திறந்து வைப்பதையும் ஒரு வழியாக ஏற்கலாம்.

நீராவித் தடுப்புப் படலம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். குளிர்நாட்டு வழிகாட்டிகள் அதைச் சுவரின் உட்புறம் வைக்கச் சொல்லும், ஏனென்றால் அங்கே ஈரம் உள்ளிருந்து வெளியே போகிறது. இங்கே வெளியிலிருந்து ஏசி அறைக்குள் வருகிறது. உட்புறம் வினைல் காகிதம் ஒட்டிய ஜிப்சம் பலகைக்குப் பின்னால் அந்த ஈரம் சிக்கி, இரண்டே மழைக்காலத்தில் கரும்பூஞ்சை படர்வது இதனால்தான். ஏசி அறைகளில் தடுப்பு வெளிப்புறம், உட்பூச்சு மூச்சுவிடும்படி என்ற ஒரு வரி உங்கள் கையேட்டில் வேண்டும்.

இனி மண்டலம். தேசிய விதித்தொகுப்பு நாட்டை ஐந்து காலநிலை மண்டலங்களாகப் பிரிக்கிறது, தமிழ்நாட்டின் பெரும்பகுதி ‘வெப்பம், ஈரம்’ என்ற ஒரே நிறத்தில் வருகிறது. ஏப்ரல், மே மாதங்களில் வேலூரும் கரூரும் 40 பாகையைத் தாண்டிக் காய்கின்றன, பகலும் இரவும் நன்றாக வேறுபடுகின்றன. அங்கே கனத்த சுவரும் இரவுக் காற்றோட்டமும் வேலை செய்யும். சென்னையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுகிறது, இரவும் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. அங்கே கனத்த சுவர் பகல் சூட்டைப் பிடித்து வைத்து இரவில் கட்டிலின்மேல் இறக்கும். கோவை, பொள்ளாச்சி, உடுமலைக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, நாஞ்சில் நாட்டுக்கு ஆரல்வாய்மொழிக் காற்று. இந்த ஊர்களுக்கெல்லாம் ஒரே சன்னல் விதி பொருந்தாது. மாவட்ட அளவில் கடலோரம், உள்நாட்டுச் சமவெளி, கணவாய்க் காற்றுப் பகுதி, மலை என்று நான்கு துணைப் பிரிவுகள் போதும். ஒவ்வொன்றுக்கும் எந்த மாதத்தில் காற்று எந்தத் திசை என்ற ஒரு பக்க அட்டவணை இருந்தால், சிறிய அலுவலகத்தில் வேலை செய்யும் கட்டட வரைஞரும் அதைப் பயன்படுத்த முடியும்.

சூரியனுக்கு வருகிறோம். வடக்குச் சன்னல் பாதுகாப்பானது என்ற பாடம் உயர்ந்த அட்சரேகை நாடுகளில் பிறந்தது. சென்னை 13 பாகை அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறான். ஜூனில் அவன் எழுவதும் விழுவதும் நேர்க்கிழக்கு, நேர்மேற்கிலிருந்து 24 பாகை வடக்கே தள்ளி. ஈகோ நிவாஸ் சம்ஹிதா இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது: 23.5 பாகைக்கு வடக்கே உள்ள ஊர்களில் வடக்குச் சுவரின் திசைக் காரணி (அந்தத் திசையில் விழும் வெயிலின் ஒப்பளவு) 0.55, தெற்கே உள்ள ஊர்களில் 0.66. ஆனால் போபாலுக்கும் கன்னியாகுமரிக்கும் ஒரே 0.66 என்பது மிகப் பரந்த கணக்கு. வடக்குச் சன்னலுக்கும் இருபுறமும் செங்குத்துப் பலகை வேண்டும் என்று இங்கே எழுதப்பட வேண்டும்.

மேற்குச் சுவரில் நிலைமை இன்னும் மோசம். ஏப்ரல் நடுவில் மாலை 4 மணியளவில் சூரியன் அடிவானத்திலிருந்து 31 பாகை உயரத்தில், ஏறத்தாழ நேர்மேற்கே நிற்கிறான். அப்போது இரண்டடி சன்ஷேடு, அதாவது 60 செ.மீ., தரும் நிழல் சன்னலின் மேல்பகுதியில் 36 செ.மீ.தான். நான்கடிச் சன்னலில் எழுபது விழுக்காடு வெயிலில் நிற்கிறது. அங்கே வேலை செய்வது தாழ்வாரம், செங்குத்துச் சட்டங்கள், செங்கல் ஜாலி, மூங்கில் தட்டி. தட்டியைப் போன்ற, கழற்றி மாட்டும் நிழலுக்கு மதிப்பெண் தரப் பல மதிப்பீட்டாளர்கள் தயங்குகிறார்கள். ‘நிரந்தரமானது அல்ல’ என்பது அவர்கள் சொல்லும் காரணம். சட்டமும் கொக்கியும் நிரந்தரமாக இருந்தால் போதும் என்று எழுதுங்கள். தட்டி மூன்றாண்டுக்கு ஒருமுறை மாறும், அதைப் பின்னுகிறவர் ஊரிலேயே இருக்கிறார்.

நிழலின் மதிப்பைச் சம்ஹிதாவின் சூத்திரமே காட்டுகிறது. வெப்ப ஈர மண்டலத்துக்குச் சம்ஹிதா தரும் மூன்று எண்கள் 5.15, 1.31, 65.21. முதலாவது சுவர் வழியே கடக்கும் வெப்பத்துக்கு, இரண்டாவது கண்ணாடி வழியே கடக்கும் வெப்பத்துக்கு, மூன்றாவது கண்ணாடி வழியே நுழையும் வெயிலுக்கு. உச்ச வரம்பு ஒரு சதுர மீட்டருக்கு 15 வாட். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் 80 விழுக்காடு, சாதாரண ஒற்றைக் கண்ணாடி 20 விழுக்காடு, நிழலே இல்லை, திசைக் காரணி 1 என்று வைத்துக்கொண்டால் சுவரால் 8.2, கண்ணாடியால் 1.5, வெயிலால் 10.7, மொத்தம் 20.4. தேறவில்லை. இரட்டைக் கண்ணாடி போட்டுப் பாருங்கள்: 18-க்கு வருகிறது, அப்போதும் தேறவில்லை. அதே ஒற்றைக் கண்ணாடியை வைத்துக்கொண்டு, நிழலால் வெயிலில் 60 விழுக்காட்டை வெட்டினால் 14. தேறிவிட்டது, சுவரையும் மாற்றவில்லை. இவ்வளவு தெளிவான விடை கையில் இருந்தும், தரச்சான்று வாங்குகிற கட்டடங்கள் கண்ணாடியை விலை கூட்டி வாங்குகின்றன. நிழலை வரைபடத்தில் வரைந்து, கோணத்தை அளந்து, வெட்டுமுகத்தோடு நிரூபிக்க வேண்டும். கண்ணாடிக்கு உற்பத்தியாளரின் ஒரு தாள் போதும். நிரூபிக்க எளிதானது மதிப்பெண்ணை எடுத்துக்கொள்கிறது. எனவே நிழலுக்குத் தயார் அட்டவணை கொடுங்கள்: சன்னல் உயரம், சன்ஷேடு நீளம், திசை என்ற மூன்றைத் தந்தால் குறைப்பு விழுக்காடு கிடைக்க வேண்டும்.

திறக்கும் சன்னலில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. சம்ஹிதா நம் மண்டலத்துக்குத் தரைப்பரப்பில் 16.66 விழுக்காடு திறப்பு கேட்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் அது ஏறத்தாழ 1.9 சதுர மீட்டர். இரண்டு கதவு கொண்ட ஸ்லைடிங் சன்னல் பாதிதான் திறக்கும், கதவுபோல் விரிகிற சன்னல் 90 விழுக்காடு திறக்கும். இதை அது கணக்கில் எடுப்பது நல்லது. எடுக்காதது கொசுவலை. கொசுவலை இல்லாத சன்னலை மாலை ஆறு மணிக்குமேல் நம் ஊரில் யாரும் திறப்பதில்லை. தூசி படிந்த வலை வழியே காற்று வெகுவாகக் குறைகிறது. கழற்றிக் கழுவும் சட்டத்தில் வலை, அதை ஈடுகட்டக் கூடுதல் திறப்பு, எதிர்ச்சுவரில் வெளியேறும் வழி என்று மூன்றும் இல்லாத அறைக்குக் காற்றோட்டப் புள்ளி தரக் கூடாது.

கூரை. 15 செ.மீ. கான்கிரீட் தளம், அதன்மேல் 10 செ.மீ. சுண்ணாம்புச் செங்கல் ஜல்லி, மேலே தட்டோடு என்ற நம் வழக்கமான அடுக்கின் வெப்பக் கடத்தல் மதிப்பு ஏறத்தாழ 2. சம்ஹிதாவின் வரம்பு 1.2. இடையில் வெப்பத்தைத் தடுக்கும் 25 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். நுரைப் பலகை வைத்தால் 0.8-க்கு இறங்கிவிடும். எண் தேறிவிட்டது என்று எல்லோரும் அங்கேயே நிற்கிறார்கள். தளத்தில் நடப்பது வேறு: பலகைகளின் இணைப்பை நாடாவால் ஒட்டாமல் விடுகிறார்கள். மெத்தென்ற பலகைமேல் வலைக்கம்பி இல்லாமல் மெல்லிய சிமென்ட் பூச்சு போடுகிறார்கள், அது பிளக்கிறது. மழை உள்ளே இறங்கிப் பலகைக்கும் தளத்துக்கும் நடுவே தேங்கி, எங்கிருந்து ஒழுகுகிறது என்றே தெரியாமல் போகிறது. பொதுப்பணித் துறையின் பழைய விகிதத்தில் செங்கல் ஜல்லி 32 பங்கு, நீற்றிய சுண்ணாம்பு பன்னிரண்டரைப் பங்கு. மணலும் இல்லை, சிமென்ட்டும் இல்லை. கட்டையால் இறுகும்வரை தட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துப் போட்ட அந்தத் தளம் வெயிலில் விரிந்து சுருங்கியும் பிளக்கவில்லை. இன்று அதே பெயரில் சிமென்ட் கலந்து இரண்டே நாளில் முடிப்பதுதான் பிளக்கிறது. காப்புப் பலகைக்குப் புள்ளி தரும்போது அடுக்கு வரிசை, இணைப்பு, நூற்றுக்கு ஒன்று வாட்டம், 48 மணி நேரம் நீர் நிறுத்திய சோதனை ஆகியவற்றின் படச்சான்றையும் கேளுங்கள்.

வெள்ளைக் கூரைக்கு ஆற்றல் சிக்கன விதித்தொகுப்பு கேட்பது தொடக்கப் பிரதிபலிப்பு 0.6. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு ஒரு மொட்டை மாடியைப் பார்த்தவருக்குத் தெரியும், பாசி கறுத்து அந்த எண் எங்கேயோ போயிருக்கும். மூன்றாண்டு வெயில்மழை பட்டபின் உள்ள மதிப்பைக் கேளுங்கள். மாடியில் ஒரு தண்ணீர்க் குழாயும் ஆண்டுக்கு ஒருமுறை கழுவும் கடமையும் அதோடு சேர வேண்டும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்ல இன்னும் அதிகம் இருக்கிறது. லீட் நான்காம் பதிப்பில் 110 புள்ளிகளில் ஆற்றலுக்கு 33, நீருக்கு 11. பாலைவனப் பகுதியான அபுதாபி 2010-இல் தனக்கென உருவாக்கிய முத்து (பேர்ல்) பசுமை மதிப்பீட்டில் நீருக்கும் ஆற்றலுக்கும் ஏறத்தாழச் சமமான புள்ளிகள் வைத்தது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு லாரிக்குக் காத்து நின்ற சென்னைக்கு அந்த விகிதம்தான் நெருக்கமானது. ஒரு லிட்டர் நீர் எங்கிருந்து வருகிறது என்பதும் புள்ளியில் தெரிய வேண்டும். மீஞ்சூர், நெம்மேலி ஆலைகளில் கடல்நீரைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் போகிறது. நீரை மிச்சப்படுத்துவது இங்கே மின்சாரத்தை மிச்சப்படுத்துவதும் ஆகும்.

சில்லரில் இது முரண்பாடாகவே வந்து நிற்கிறது. நீரால் குளிரும் சில்லர் மின்சாரம் குறைவாக எடுக்கும், ஆற்றல் புள்ளி கூடும். ஆனால் வெப்பத்தை வெளியேற்றும் கூலிங் டவரில் ஒரு டன் குளிர்விப்புக்கு மணிக்கு 5 முதல் 6 லிட்டர் ஆவியாகிறது. உப்பு சேராமலிருக்க வெளியேற்றும் நீரையும் சேர்த்தால் 8 லிட்டரைத் தாண்டும். 300 டன் நிலையம், நாளுக்குப் பத்து மணி நேரம், சராசரி 60 விழுக்காடு சுமை என்றால் தினம் 15,000 லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் டேங்கர் ஒன்றேகால். உப்பு மிகுந்த ஆழ்குழாய் நீரானால் வெளியேற்றம் இன்னும் கூடி 20,000 லிட்டரை நெருங்கும். தன் கழிவுநீரைச் சுத்திகரித்தோ, மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு நீரை வாங்கியோ கூலிங் டவரை ஓட்டும் கட்டடத்துக்கு மட்டுமே அந்த ஆற்றல் புள்ளியை முழுதாகக் கொடுங்கள். சென்னைக் குடிநீர் வாரியம் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் வீதம் இத்தகைய நீரைத் தயாரிக்கும் நிலையங்களை 2019-இலேயே தொடங்கிவிட்டது. ஏசி சுருளில் வடியும் நீரையும் விடாதீர்கள். மேலே சொன்ன நூறு பேர் அலுவலகத்தின் வெளிக்காற்றிலிருந்து மட்டும் பத்து மணி நேரத்தில் 350 லிட்டர் வடியும். உப்பே இல்லாத நீர், கூலிங் டவருக்கு மிகப் பொருத்தம்.

குழாய்களின் அளவீடு பெரும்பாலும் 3 பார் அழுத்தத்தில். நம் வீடுகளில் நீர் மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்குகிறது. மேல்மாடிக் குழாய்க்கு மூன்று மீட்டர் உயரம் இருந்தால் அழுத்தம் 0.3 பார். பாய்வு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், 3 பாரில் நிமிடத்துக்கு 6 லிட்டர் தரும் குழாய் அங்கே 1.9 லிட்டர்தான் தரும். ஒரு வாளி நிறையப் பத்து நிமிடம். குடியிருப்பவர் குழாய் நுனியிலுள்ள ஏரேட்டரைக் கழற்றி எறிகிறார். உப்புநீரானால் அது தானாகவே ஆறு மாதத்தில் அடைத்துக்கொள்ளும். மாடிவாரியாக உள்ள அழுத்தத்தில் குழாயைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்: கீழ்மாடிகளுக்குக் குறைபாய்வு, மேல்மாடிக்குத் தனி வகை. ஷவரை அடிப்படையாக வைத்த குளியல் கணக்கில் வாளிக் குளியலும் ஏற வேண்டும். 20 லிட்டர் வாளி ஒன்றில் குளிப்பவரின் வீட்டில், ஷவர் மாற்றி மிச்சம் காட்டுவது தாளில் மட்டுமே நடக்கிறது.

அடுக்குமாடிகளின் எஸ்.டி.பி., அதாவது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே கெடுகிறது. முழுக் குடியேற்றத்துக்கு ஒரே தொட்டியாக வடிவமைக்கிறார்கள். முதல் ஆண்டில் கால்வாசி வீடுகளில்தான் ஆள் இருக்கும். நுண்ணுயிர்க்குத் தீனி போதாது, காற்றூதும் புளோயரோ முழு வேகத்தில் ஓடும், சேறு உதிர்ந்து மிதக்கும், ஃபிளஷ் தொட்டியில் நாற்றம் வரும். உடனே ஃபிளஷுக்கு நல்ல தண்ணீரைத் திருப்பிவிட்டு நிலையத்தை நிறுத்திவிடுவார்கள். இரண்டு இணைத்தடங்களாகக் கட்டி, ஒன்றை மட்டும் முதலில் ஓட்டுவது, புளோயருக்கு வேகக் கட்டுப்பாடு, ஃபிளஷ் குழாய்க்குமுன் அல்ட்ரா வடிகட்டி, கடைசிக் குழாயில் எஞ்சிய குளோரின் சோதனை ஆகிய இந்த நான்கும் இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கும். புள்ளியைக் குடியேற்றம் பாதியைத் தாண்டியபின் ஆறு மாத நீர்மானிக் கணக்கைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

மழைநீர் சேகரிப்பை 2003-இலேயே முழுவதும் கட்டாயமாக்கிய மாநிலம் நம்முடையது. ஆனால் அளவு கணக்கிடும் முறை சராசரியில் நிற்கிறது. சென்னையின் 1,400 மி.மீ. மழையைச் சுமார் 55 மழை நாட்களால் வகுத்தால் நாளுக்கு 25 மி.மீ., நூறு சதுர மீட்டர் கூரைக்கு 2,500 லிட்டர். நம் மழை அப்படிப் பெய்வதில்லை. ஒரு மணி நேரத்தில் 60 மி.மீ. கொட்டினால் அதே கூரையில் 6,000 லிட்டர். மூன்றடி விட்டம், பதினைந்தடி ஆழ உறைக்கிணறு நிறையக் கொள்வது 3,000 லிட்டர்தான், அதையும் ஜல்லியும் மணலும் கொட்டி நிரப்பிவிட்டால் பாதிக்கும் கீழே. வடிகட்டியைத் தனிச் சிறு தொட்டியில் வையுங்கள், கிணறு வெறுமையாக இருக்கட்டும். மண்ணைப் பார்க்காமல் கிணற்றின் எண்ணிக்கைக்குப் புள்ளி தருவதும் தவறு. பெசன்ட் நகர் மணலில் நீர் உடனே இறங்கும், ஆனால் நவம்பர் நடுவில் நிலத்தடி நீரே மேலே வந்து நிற்கும். களிமண் பகுதியில் கிணற்றின் அடியிலிருந்து களி அடுக்கைத் துளைத்து 150 மி.மீ. குழாய் இறக்காவிட்டால் அது கொசுத்தொட்டிதான். ஓர் அடிக் குழி தோண்டி நீர் ஊற்றி, மணிக்கு எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று பார்க்கும் சோதனை ஒரு நாள் வேலை. அதைக் கட்டாயமாக்குங்கள்.

2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. அப்போது கீழ்த்தளத்தில் இருந்த ஜெனரேட்டரும் மின்பலகையும் மோட்டாரும் மூழ்கிய கட்டடங்களில், தண்ணீர் வடிந்தபின்னும் பல நாள் வாழ முடியவில்லை. மின்பலகை, ஜெனரேட்டர், புளோயர் ஆகியவை வெள்ளக்கோட்டுக்கு மேலே, சம்ப் மூடி தரையிலிருந்து குறைந்தது ஒன்றரை அடி உயரம் என்பது முன்நிபந்தனையாகட்டும். மனைத் தேர்வுக்கு அமெரிக்க வெள்ள வரைபடத்தின் நூறாண்டுக் கோட்டைப் பின்பற்றும் முறைக்குப் பதிலாக, இங்கே கைக்கெட்டும் ஆவணங்கள் இருக்கின்றன: புல வரைபடம், ‘அ’ பதிவேடு, ஏரியின் உபரி நீர் வழியும் கலங்கல் எங்கே, அந்த நீர் எந்த வாய்க்காலில் போகிறது என்ற வருவாய்த் துறைக் குறிப்புகள். வாய்க்கால் ஓடிய புல எண்ணில் எழுந்த கட்டடம் எத்தனை புள்ளி வாங்கினாலும் அதற்குச் சான்று தரக் கூடாது. இதில் சலுகையே வேண்டாம்.

பொருட்களைப் பற்றிச் சுருக்கமாக. லீட் 2009-இல் 800 கி.மீ. தொலைவுக்குள் கிடைப்பது ‘வட்டாரப் பொருள்’ என்று இருந்தது. சென்னையிலிருந்து அந்த வட்டம் கன்னியாகுமரியையும் ஹைதராபாத்தையும் தாண்டிவிடும், எல்லாமே உள்ளூர்ப் பொருள் ஆகிவிடும். செங்கல்லுக்கும் மணலுக்கும் 100, சிமென்ட்டுக்கும் ஓட்டுக்கும் 300 என்று எடைக்கேற்பப் பிரியுங்கள். காரைக்குடியில் பழைய வீடுகளைப் பிரித்து விற்கும் தேக்கு உத்தரமும் கதவும் தூணும் உண்மையான மறுபயன்பாடு. ஆனால் அவற்றுக்கு உற்பத்தியாளர் சான்று கிடையாது, வெளிநாட்டு முத்திரை போட்ட புதுப்பலகை புள்ளியைத் தட்டிச் செல்கிறது. கடையின் ரசீதும் படமும் எடையும் போதும் என்று ஏற்றுக்கொள்ளுங்கள். மரம் நடும் புள்ளியிலும் வறட்சியைத் தாங்குமா என்று மட்டும் பார்க்காதீர்கள். 2016 வர்தா புயலில் எவை சாய்ந்தன, எவை நின்றன என்பதையும் சேர்த்துப் பட்டியலிடுங்கள். வேம்பு, புங்கை, பூவரசு, மகிழம் இங்கே இருக்கின்றன.

லீட் நான்காம் பதிப்பில் வட்டார முன்னுரிமைக்கு 110-இல் 4 புள்ளிகள் இருக்கின்றன. அந்த நான்கைக் கொண்டு மேலே சொன்னவற்றைச் சரிசெய்ய முடியாது. ஓரத்தில் ஒட்டும் கூடுதல் புள்ளியாக இவற்றை நடத்த வேண்டாம் என்பதே எங்கள் கோரிக்கையின் மையம். விசிறி, நிழல், நீரின் ஆதாரம், வெள்ள உயரம், மண் சோதனை ஆகிய ஐந்தும் முன்நிபந்தனைகள் ஆகட்டும். 2005-இல் கிரீன் மார்க் என்ற தன் தரமதிப்பீட்டைத் தொடங்கிய சிங்கப்பூர், சுவரும் கண்ணாடியும் வழியே நுழையும் வெப்பத்தை அளக்கும் தனிச் சூத்திரத்தைத் தன் காலநிலைக்கென்று வைத்திருக்கிறது. நம்மிடம் சூத்திரம் ஏற்கெனவே இருக்கிறது, மதிப்பெண் பலகையில் அதற்கு உரிய இடம்தான் இல்லை.

வீட்டுவசதித் துறைக்குத் தனியாக இரண்டு கோரிக்கைகள். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளோடு எந்தப் பசுமைச் சலுகையை இணைத்தாலும், பாதியை மட்டும் கட்டி முடிக்கும்போது தாருங்கள். மீதியைப் பன்னிரண்டு மாத மின்கட்டண ரசீது, லாரி நீர் உட்பட எல்லா நீர்மானிக் கணக்கு, நான்கு அறைகளில் ஏப்ரல் முதல் ஜூன் வரை பதிவான வெப்பமும் ஈரப்பதமும் ஆகிய மூன்றையும் பார்த்தபின் தாருங்கள். அந்தப் பதிவுக்கருவி நான்கும் ஒரு சன்னலின் விலைக்குள் கிடைத்துவிடும். இரண்டாவது, 2,000 சதுர அடிக்குக் கீழான வீடுகளுக்குக் கணினி மாதிரி வேண்டாம், ஆலோசகர் கட்டணம் வேண்டாம். நிழல், திறப்பு, கூரை அடுக்கு, உறைக்கிணறு, குழாய் அழுத்தம் என்று தமிழில் இரண்டு பக்கப் படிவம் ஒன்று. ஊராட்சிப் பொறியாளரே அளவு நாடாவோடு வந்து சரிபார்க்கும்படி அது இருக்க வேண்டும். அந்தப் படிவத்தின் வரைவையும், இந்த மடலில் உள்ள கணக்குகளின் படிகளையும், குழு அழைக்கும் நாளில் கொண்டுவந்து விளக்கத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டுக் கட்டடக் கலைஞர்கள், குளிர்பதனப் பொறியாளர்கள், நீர் மற்றும் கழிவுநீர் வடிவமைப்பாளர்கள் சிலர்